உலக உருண்டையைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள்

(தேசிய நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, மாவட்ட மைய நூலகத்திலிருந்து வந்திருக்கும் அலுவலர் ஐயா அவர்களே, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, பந்தலையும் தேநீரையும் தம் செலவாக ஏற்றுக்கொண்ட வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, தனி ஒரு ஆளாய் நின்று இந்தக் கிளை நூலகத்தை நடத்திவரும் நூலகர் தங்கை அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கித் தம்பிக்கும் ஒரு வணக்கம். சத்தம் இப்போது நன்றாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘உலக ஊர்கள்: பிள்ளைகளின் கேள்விகள்’. நூலகர் வாசலில் ஒரு பெட்டி வைத்து, பிள்ளைகளிடம் கேள்விகளை எழுதிப் போடச் சொல்லியிருந்தார். அதிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்து வந்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் தலைநகரம் ஏன் சிட்னி இல்லை? கிரீன்லாந்து பெரியதா, இந்தியா பெரியதா? உலகத்தில் நாள் எந்த ஊரில் தொடங்குகிறது? அமெரிக்கா போகும் விமானம் எந்தப் பக்கமாகப் போகிறது? உலகத்திலேயே உயரமான மலை எது? காஸ்பியன் என்பது கடலா, ஏரியா? ஆறுக்கும் பதில் சொல்ல ஆசைதான். கடிகாரம் விடுமா என்று பார்ப்போம்.

‘கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் ஏன்?’ என்று ஒரு பழமொழி. என் வகுப்பில் படித்தவர்கள் இங்கே சிரிக்கிறீர்கள், தெரிகிறது. ஆமாம், அதே பழமொழிதான். பூகோள வாத்தியாராக இருந்த காலம் முழுக்க அதோடு சண்டை போட்டவன் நான். தவளைக்கு ஏன் வேண்டும் என்று கேட்கிறார்கள். தவளை கேட்கிறதே! பெட்டி நிறையக் கேட்டிருக்கிறதே!

சரி, முதல் கேள்வி. ஆஸ்திரேலியாவின் ஆறு குடியேற்றங்கள் 1901இல் ஒரே நாடாகச் சேர்ந்தன. தலைநகரம் எங்களுக்குத்தான் என்று சிட்னியும் மெல்போர்னும் முட்டிக்கொண்டன. கடைசியில் ஒரு சமாதானம் செய்து அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். தலைநகரம் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்கும். ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி இருக்க வேண்டும். ஊர் தயாராகும்வரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடும். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களே தோற்றார்கள் போங்கள். 1908இல் இடம் முடிவானது, 1913இல் கான்பெரா என்று பெயர் வைத்தார்கள், 1927இல் நாடாளுமன்றம் அங்கே குடிபோனது. சிட்னியில் படகு வடிவக் கூரையோடு அரங்கம் இருக்கிறது, மெல்போர்னில் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது அவற்றைத்தான். அதனால்தான் இந்தக் குழப்பம்.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டது ஏழாம் வகுப்புப் பெண். கைபேசியில் பார்த்தால் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதே என்று எழுதியிருக்கிறாள். கண்ணு, நீ பார்த்தது சரி, படம்தான் உன்னை ஏமாற்றுகிறது. கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா சுமார் 32.9 லட்சம். அதாவது நாம்தான் பெரியவர்கள், ஒன்றரை மடங்கு. ஆப்பிரிக்கா 3 கோடிச் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்தைப் போலப் பதினான்கு மடங்கு!

சாத்துக்குடித் தோலை உரித்து மேசையில் தட்டையாகப் பரப்பிப் பாருங்கள், ஓரமெல்லாம் கிழியும். உருண்டையான பூமியைத் தாளில் போடுவதும் இதே வம்புதான். கிழியாமல் இருக்க எங்கேயாவது இழுத்தாக வேண்டும். மெர்கேட்டர் என்பவர் 1569இல் வெளியிட்ட படம் துருவங்களுக்குக் கிட்டே போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. அவர் மோசடி செய்யவில்லை. மாலுமிகளுக்காகப் போட்டார். திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் கப்பல் போனால், அந்தப் பாதை அவர் படத்தில் நேர்கோடாக விழும். கடலோடிக்கு அது போதும். நாம்தான் கப்பல்காரன் படத்தைக் கொண்டுவந்து வகுப்பறைச் சுவரில் மாட்டிவிட்டோம், இப்போது கைபேசியிலும் ஏற்றிவிட்டோம்.

அந்தப் பெண்ணுக்கு இதை ஒரு நிமிடத்தில் காட்ட என்ன வேண்டும்? ஓர் உலக உருண்டை. அதைப் பற்றி அப்புறம் விரிவாகச் சொல்கிறேன். தலைமையாசிரியர் இப்போதே என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மூன்றாவது, நாள் எங்கே தொடங்குகிறது? 180 பாகை தீர்க்கரேகையை ஒட்டிப் பசிபிக் பெருங்கடலில் ஒரு கற்பனைக் கோடு ஓடுகிறது. சர்வதேசத் தேதிக் கோடு என்பார்கள். அதற்கு மேற்கே சனிக்கிழமை என்றால் கிழக்கே வெள்ளிக்கிழமை. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சமோவா கதை நம் பாடப்புத்தகத்தில் கிடையாது, அதைக் கேளுங்கள்.

சமோவா ஒரு சின்னத் தீவு நாடு, தலைநகரம் ஆப்பியா. ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும்தான் அதற்குக் கொடுக்கல் வாங்கல். ஆனால் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. சமோவாக்காரர் வெள்ளிக்கிழமை கடை திறந்து நியூசிலாந்துக்குத் தொலைபேசி செய்தால் அங்கே சனிக்கிழமை, விடுமுறை. இவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முழங்கால் போட்டிருக்கும்போது சிட்னியில் திங்கட்கிழமை, வியாபாரம் மும்முரம். வாரத்தில் இரண்டு வேலைநாள் வீணாகிறதே என்று பார்த்தார்கள். கோட்டையே நகர்த்திவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை. மக்கள் படுக்கப் போகிறார்கள். நள்ளிரவு மணி அடிக்கிறது. அடுத்த நொடி டிசம்பர் 31, சனிக்கிழமை! வெள்ளிக்கிழமையைக் காணோம். அந்த ஆண்டு சமோவாவில் டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை. அன்று பிறந்தநாள் உள்ளவர் என்ன செய்திருப்பார்? வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று கைமாற்று வாங்கியவருக்கு எவ்வளவு நிம்மதி! (பின்வரிசையில் ஏன் அவ்வளவு சிரிப்பு? அனுபவமா?) வராத அந்த வெள்ளிக்கிழமைக்கும் தொழிலாளிக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று அரசு சொன்னது. வேலை இல்லாமல் சம்பளம், அதுவும் இல்லாத நாளுக்கு!

இன்னும் கேளுங்கள். இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009இல், சாலையின் வலது பக்கம் ஓட்டிக்கொண்டிருந்த நாட்டை இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். காரணம், ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மலிவாகப் பழைய கார் கிடைக்கும், அங்கே இடது பக்கம். முதலில் பக்கத்தை மாற்றினார்கள், அப்புறம் கிழமையையே மாற்றினார்கள். அதற்கும் முன்னால் 1892இல் இதே சமோவா, அமெரிக்க வியாபாரிகளின் வசதிக்காகக் கோட்டின் மறுபக்கம் போயிருந்தது. அப்போது ஒரு நாள் கூடுதலாகிவிட்டது. அந்த வருஷம் அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அங்கே இரண்டு தடவை வந்தது. பக்கத்திலேயே அமெரிக்கன் சமோவா என்று இன்னொரு தீவுக்கூட்டம். அது இன்றும் மறுபக்கம்தான். ஒரு தீவில் பிறந்தநாள் கொண்டாடிவிட்டு, சின்ன விமானம் ஏறினால் அங்கே மறுபடி அதே தேதி, மறுபடி கேக். கிணற்றுத் தவளைக்கு நாட்டு வளப்பம் ஏன் என்றவர், பாவம், இந்தக் கேக்கையும் இழந்தார்.

1892 என்றதும் அலுவலர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார், கவனித்தேன். நூலகத் துறையில் இருப்பவருக்கு அந்த வருஷம் மறக்காது. எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்த வருஷம். அவருடைய முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்துக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. ஆகவே பேரூராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, நான் இனிமேல் கேட்கப்போவது தானமில்லை.

சுவர்ப் படத்தில் பசிபிக் பெருங்கடல் பெரும்பாலும் நடுவில் வெட்டுப்பட்டு, பாதி இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் கிடக்கும். தேதிக் கோடு அந்த வெட்டில் போய்விடும். அதைப் பார்த்த பிள்ளை, ரஷ்யாவும் அமெரிக்காவும் உலகத்தின் இரண்டு முனை என்று நினைக்கிறது. உருண்டையைத் திருப்பினால் பேரிங் நீரிணையில் இரண்டு தீவுகள் தெரியும், பெரிய டயமீடு ரஷ்யாவுடையது, சின்ன டயமீடு அமெரிக்காவுடையது. நடுவில் நான்கு கிலோமீட்டர்கூட இல்லை.

விமானக் கேள்விக்கும் உருண்டைதான் பதில். பெங்களூரில் ஒரு நூலின் முனையை வையுங்கள், மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து விறைப்பாக இழுங்கள். நூல் கிழக்கிலும் போகாது, மேற்கிலும் போகாது. நேரே வடக்கே ஏறி வட துருவத்தை ஒட்டிப் போய் மறுபக்கம் இறங்கும். 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அந்த வழியில்தான் வந்தது, சுமார் 14,000 கிலோமீட்டர். நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று அமெரிக்காவில் இருக்கிறார்கள்! அவர்கள் போன வழி பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் அருமையான உருண்டை ஒன்று இருந்தது. இருந்த இடம் பீரோ. சாவி அலுவலகத்தில். ஆய்வாளர் வரும் நாளில் மேசைக்கு வரும், அவர் ஜீப் வாசலைத் தாண்டியதும் உள்ளே போகும். உடைந்துவிடுமாம். உடையட்டுமே! பிள்ளைகள் சுற்றிச் சுற்றி உடைந்த உருண்டை, பாலிதீன் உறை பிரிக்காத உருண்டையைவிட எவ்வளவோ மேல். கிணற்றுத் தவளை என்று தவளையைத் திட்டுகிறோம், கிணற்றுக்கு மூடி போட்டவரை யாரும் கேட்பதில்லை.

மலைக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8848.86 மீட்டர். அடியிலிருந்து நுனிவரை அளந்தால் ஹவாயின் மௌனா கியா, பாதிக்கு மேல் கடலுக்குள் மூழ்கியிருக்கிறது, மொத்தம் 10,000 மீட்டருக்கு மேல். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்குவடாரின் சிம்பராசோ, ஏனென்றால் பூமி நடுவில் கொஞ்சம் பருத்தது. அந்தப் பருமன் மட்டும் உருண்டையில் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். காஸ்பியனைக் கேட்ட தம்பி விழா முடிந்ததும் என்னைப் பார்க்கட்டும். தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார், இது இரண்டாவது சீட்டு.

என் விண்ணப்பம் இதுதான். இந்தக் கிளை நூலகத்துக்கு ஒரு பெரிய உலக உருண்டை வேண்டும். அது வாசிப்பு மேசை நடுவில், ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நூல்கண்டு. பூட்டு கூடாது. பேரூராட்சி நிதியில் முடிந்தால் அம்மையாருக்கு நன்றி. தாமதமாகும் என்றால் வணிகர் சங்கச் செயலாளர் தேநீரோடு இதையும் ஏற்றுக்கொள்வார் என்று நம்புகிறேன். தலையாட்டுகிறார், நூலகர் குறித்துக்கொள்ளுங்கள். எனக்குப் பின் பேச அலுவலர் ஐயா காத்திருக்கிறார். விடைபெறுகிறேன், வணக்கம்.