புதுசா வந்த லவ் பேர்ட்: எது சுபாவம், எது நோய்?

[காட்சி: ஜன்னலோரக் கூண்டு. பறவை ஒத்தக் கால்ல நிக்குது.]

ஒத்தக் கால்ல நிக்குது. கண்ணைப் பாதி மூடிக்கிட்டு அலகை நறநறன்னு அரைக்குது. வாங்கிட்டு வந்த ரெண்டாம் நாள் ராத்திரி இதைப் பாத்தா வயித்தைக் கலக்கத்தான் செய்யும். ஒண்ணுமில்ல, அதுக்குத் தூக்கம் வருது. இன்னொரு காலை வயித்து இறகுக்குள்ள சொருகி வெச்சிருக்கு, அவ்வளவுதான்.

அதே பறவை பகல் பதினோரு மணிக்கு ரெண்டு காலையும் ஊனி, பந்து மாதிரி உப்பி, கண் சொக்கிப் போய் உக்காந்திருந்தா, அது நோய். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியணும்னா, முதல் ரெண்டு வாரத்துல உங்க பறவையோட வழக்கம் உங்களுக்கு மனப்பாடம் ஆகணும்.

முதல்ல, வாங்கினது எதுன்னு பாருங்க. பாண்டியிலயும் சரி, கடலூர்லயும் சரி, "லவ் பேர்ட்ஸ்"னு கேட்டா பல கடைல கையில குடுக்கிறது பட்ஜி. அது ஆஸ்திரேலியாப் பறவை. ஒல்லி உடம்பு, நீள வாலு. நிஜ லவ் பேர்டை "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்"னு சொல்லுவாங்க. கட்டை வாலு, தடிச்ச அலகு, நீளம் 13லேருந்து 17 சென்டிமீட்டர். மொத்தம் 9 இனம் இருக்கு. நம்ம பக்கம் அதிகமா வர்றது பீச் பேஸ், பிஷர் ரெண்டும்தான். பிஷருக்குக் கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் தெளிவா இருக்கும். இந்த வீடியோ ஆப்பிரிக்கனுக்கு. பட்ஜி உடம்புல சின்னது, அதனால எடைக் கணக்கு அதுக்கு ஒத்துவராது.

முதல் மூணு நாலு நாள் மூலைல ஒடுங்கி உக்காரும், சத்தமே இருக்காது, நீங்க நகர்ந்தப்புறம்தான் சாப்பிடும். இது பயம். கூண்டோட ஒரு பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும், உங்க கண் உயரத்துல வைங்க. ராத்திரி 10லேருந்து 12 மணி நேரம் இருட்டு வேணும். பழைய வேட்டிய மேல போட்டு, ஒரு பக்கம் காத்துக்குத் திறந்து விடுங்க. கடைல என்ன தானியம் போட்டாங்களோ அதையே ஒரு வாரம் போடுங்க. வந்த அன்னிக்கே தீனிய மாத்தினா பட்டினி கிடக்கும்.

[காட்சி: தீனிக் கிண்ணம், மிக அருகில்.]

இந்தக் கிண்ணத்தைப் பாருங்க. நிறைய தினை இருக்கிற மாதிரி தெரியுதா? ஒரு தடவை ஊதுங்க. பறந்து போறது பூரா உமி. அடியில தேறுறது பத்து மணிதான். லவ் பேர்ட் தானியத்தை உரிச்சுட்டு தோலை அங்கயே போட்டுடும். "கிண்ணம் நிரம்பித்தானே இருக்கு"ன்னு விட்டு, பறவை பட்டினியில செத்துப் போறது நடக்கிற கதைதான். அதனால தினமும் காலைல கொட்டிட்டு, புதுசா ஒரு பறவைக்கு ஒண்ணரை டேபிள் ஸ்பூன் போடுங்க. தினை, சாமை மாதிரி சிறுதானியம்தான் அடிப்படை. சூரியகாந்தி விதை கொழுப்பு. நாளைக்கு நாலஞ்சுக்கு மேல வேணாம். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல் எல்லாம் கொஞ்சங் கொஞ்சமா பழக்கலாம். பட்டர் ஃப்ரூட், சாக்லேட் ரெண்டும் விஷம். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம கடலோர ஈரத்துக்குத் தானியம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். அப்போ கால் கிலோவுக்கு மேல வாங்கி வைக்காதீங்க. மக்கின வாடை வந்தா யோசிக்காம கொட்டிடுங்க.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடைல "கடல் நுரை"ன்னு கேளுங்க. தேவனாம்பட்டினம் கரையில ஒதுங்கினதை எடுத்தீங்கன்னா, நல்ல தண்ணில ஒரு வாரம் ஊறவெச்சு, தினம் தண்ணி மாத்தி, வெயில்ல நல்லாக் காயவெச்சுத்தான் கூண்டுல மாட்டணும். உப்பு உள்ள நிக்கக்கூடாது.

இப்ப எச்சம். மணலோ மரத்தூளோ போடாதீங்க, கூண்டுக்கு அடியில பேப்பர் விரிங்க, அப்பதான் பாக்க முடியும். நல்ல எச்சத்துல மூணு பாகம்: பச்சையோ பழுப்போ சுருண்ட மலம், அதுமேல வெள்ளைச் சுண்ணாம்பு மாதிரி ஒரு பொட்டு, சுத்தி கொஞ்சம் தெளிஞ்ச நீர். காலைல முதல் எச்சம் பெருசா இருக்கும். பீட்ரூட் குடுத்தா சிவக்கும், கீரை குடுத்தா நீர் கூடும்; பதற வேணாம். அந்த வெள்ளைப் பொட்டு மஞ்சளாவோ பச்சையாவோ மாறினாலும், மலம் தார் மாதிரி கறுத்தாலும், முழுத் தானியம் செரிக்காம வந்தாலும் டாக்டர்கிட்ட போகணும்.

அடுத்து எடை. லவ் பேர்ட் நோயை மறைக்கிற பறவை. காட்டுல சோர்ந்து தெரிஞ்சா பருந்துக்கு இரை, அந்தப் புத்தி கூண்டுலயும் போகாது. உப்பி உக்காருற வரைக்கும் வந்துட்டா நோய் முத்திருச்சுன்னு அர்த்தம். தராசு அதுக்கு முன்னாடியே காட்டிக் குடுக்கும். ஒரு கிராம் சுத்தமாக் காட்டுற சமையல் தராசு போதும். காலைல முதல் எச்சம் போனப்புறம், தீனிக்கு முன்னாடி, ஒரு சின்ன டப்பால விட்டு நிறுங்க. டப்பா எடையக் கழிச்சுடுங்க. வளர்ந்த பறவை ஏறத்தாழ 45லேருந்து 60 கிராம் இருக்கும். 50 கிராம் பறவை 45க்கு இறங்கினா, பாக்க எவ்வளவு சுறுசுறுப்பா இருந்தாலும் காட்டிடணும்.

[காட்சி: தலை பூரா வெள்ளை முள் மாதிரி முளைகள்.]

இது தோல் நோய் இல்ல, இறகு உதிர்ந்து புதுசு முளைக்குது. பேப்பரை நீளநீளமாக் கிழிச்சு முதுகு இறகுல சொருகிக்கிதா? அது பீச் பேஸ், பெரும்பாலும் பொட்டை, கூடு கட்டுற வேகம். தலையை ஆட்டி ஆட்டித் தீனிய வெளிய கொண்டுவந்து ஜோடிக்கோ, உங்க விரலுக்கோ ஊட்டுறது பாசம். அப்படி இல்லாம தலையை உதறி நாலாப் பக்கமும் தெறிக்க விட்டு, மூஞ்சி இறகெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டியிருந்தா அது வாந்தி.

தனியா இருக்கிற பொட்டையும் முட்டை போடும், ஆண் தேவையில்ல. பானையோ பெட்டியோ வைக்காதீங்க, போடுற ஆசை குறையும். அடி வயிறு வீங்கி, கூண்டுத் தரைல உக்காந்து முக்கிக்கிட்டே இருந்தா முட்டை சிக்கியிருக்கலாம். மறுநாள் பாத்துக்கலாம்னு விட்டா பறவை தங்காது. "ஜோடி பிரிஞ்சா செத்துரும்"னு சொல்றது மட்டும் கட்டுக்கதை. ஒத்தைப் பறவைக்கு உங்க நேரம் வேணும், அவ்வளவுதான்.

வீட்டுல எமன் வேற இடத்துல இருக்கு. சீலிங் ஃபேன் ஓடுறப்ப கூண்டைத் திறக்கவே கூடாது. நான்ஸ்டிக் தவா அடுப்புல காய்ஞ்சு போனா அந்தப் புகை சில நிமிஷத்துல பறவைய முடிச்சுடும். கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுறப்போ கூண்டு வேற அறைக்குப் போகட்டும். கத்திரி வெயில்ல அலகைத் திறந்து, றெக்கைய உடம்பை விட்டு விலக்கி நின்னா அது சூடு. நிழலுக்கு மாத்தி, குளிக்க அகலமான கிண்ணத்துல தண்ணி வைங்க. வெயில் இல்லாதப்பவும் வாயைத் திறந்து மூச்சு விட்டா, மூச்சுக்கு மூச்சு வாலு ஏறி இறங்கினா, அது அவசரம்.

ஏற்கெனவே பறவை இருந்தா புதுசை வேற அறைல குறைஞ்சது 30 நாள் வைங்க. கிளி இனத்துலேருந்து மனுஷனுக்குத் தொத்துற நுரையீரல் காய்ச்சல் ஒண்ணு உண்டு. கூண்டுப் பேப்பரை உதறாம, தண்ணி தெளிச்சு நனைச்சு மடிச்சு எடுங்க, அப்புறம் கை கழுவுங்க. கர்ப்பிணிகளும் வயசானவங்களும் அந்த வேலைய விட்டுடலாம்.

கடைக்காரர் சொன்னார்னு கேப்சூலை உடைச்சுத் தண்ணில கலக்காதீங்க. நோய்ப்பட்ட பறவை தண்ணியே சரியாக் குடிக்காது, மருந்து எவ்வளவு போச்சுன்னு யாருக்கும் தெரியாது. பாண்டியில குருமாம்பேட்ல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. எங்க போனாலும் பறவை பாக்கிற டாக்டர் இருக்காரான்னு முன்னாடியே போன்ல கேட்டு வைங்க, சீக்கு வந்த அன்னிக்குத் தேடாதீங்க. கிளம்புற வரைக்கும் கூண்டோட ஒரு பக்கம் மட்டும் வெளியிலேருந்து குண்டு பல்பு வெளிச்சம் படட்டும். சூடு கூடினா அது மறுபக்கம் நகர்ந்துக்கும். போகும்போது எடை எழுதின தாளையும், அன்னிக்குக் கூண்டுக்கடியில கிடந்த பேப்பரையும் துடைக்காம அப்படியே மடிச்சு ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.