அசைவைப் பிடித்து வைக்க முயன்றவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

சமூகத்தில் உடலும் அசைவும் என்பது இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. இந்தத் துறையில் இறங்குகிறவருக்கு முதல் நாளே ஒரு தொல்லை காத்திருக்கிறது. பேச்சை எழுதி வைத்துக்கொள்ளலாம். கருவியையும் கட்டடத்தையும் அளந்து வைக்கலாம். சடங்கைப் பற்றிக்கூட அதைச் செய்தவரிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிற விதத்தை என்ன செய்வது? நாம் பார்க்கத் தொடங்குவதற்குள் அது முடிந்துவிடுகிறது. எழுந்தவரிடமே கேட்டால், "எப்படி எழுந்தேனா? எழுந்தேன், அவ்வளவுதான்" என்பார். அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது.

அதனால் கோட்பாடுகளை வரிசையாக அடுக்காமல், அசைவைப் பிடித்து வைக்க என்னென்ன வழி தேடினார்கள் என்று சொல்லிப் போகலாம் என நினைக்கிறேன். ஒவ்வொரு வழியும் ஏதோ ஒன்றைப் பிடித்தது, பிடித்த வேகத்திலேயே வேறொன்றை நழுவவிட்டது. எது நழுவியது என்று பார்த்தால், அந்த அசைவு யாருக்குத் தேவைப்பட்டது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மார்செல் மோஸிலிருந்து தொடங்குவோம். பிரெஞ்சு மானுடவியலாளர். 1934 மே மாதம் பாரிஸில் உளவியல் கழகத்தின் முன் 'உடலின் நுட்பங்கள்' பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவரிடம் கேமரா கிடையாது, கணக்கெடுப்பு கிடையாது. ஞாபகம் மட்டும்தான். முதல் உலகப் போரில் அவர் ஆங்கிலேயப் படைகளோடு இருந்தவர். பிரெஞ்சு மண்வெட்டியை ஆங்கிலேயச் சிப்பாய்களால் பிடித்து வெட்ட முடியவில்லையாம். ஒரு பிரெஞ்சு டிவிஷன் விலகி ஆங்கிலேய டிவிஷன் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்தது என்கிறார். குழி தோண்டுவதற்குத் தேசம் ஏது என்று நினைப்போம். கைக்கும் முதுகுக்கும் இருந்திருக்கிறது! இன்னொரு ஆங்கிலேயப் படைப்பிரிவு பிரெஞ்சு முரசையும் ஊதுகொம்பையும் ஆசையாகக் கேட்டு வாங்கியது. இசை ஒரு தாளத்தில் போக, கால்கள் இன்னொரு தாளத்தில் போக, பல மாதம் தடுமாறிவிட்டுக் கடைசியில் கைவிட்டார்கள்.

நியூயார்க்கில் நோயுற்றுக் கிடந்தபோது மோஸுக்கு இன்னொன்று பட்டது. செவிலியர்களின் நடையை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தார். சினிமாவில்! ஊர் திரும்பினால் பாரிஸ் பெண்களும் அதே நடையில் நடக்கிறார்கள். திரை வழியாக ஒரு நடை கடல் கடந்து வந்திருக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, யாரும் கற்றுக்கொண்டதாக நினைக்கவுமில்லை.

நடை, நீச்சல், தூக்கம், குந்தி உட்காருவது எல்லாமே பழக்கப்பட்டு வருபவை, ஒவ்வொரு சமூகமும் தன் பிள்ளைகளின் உடலில் அவற்றைப் பதிக்கிறது என்பதுதான் மோஸ் நிறுவியது. அவர் உரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் நீச்சலைப் பற்றியது. அவர் காலத்தில் நீந்துகிறவர்கள் தண்ணீரை வாயில் வாங்கித் துப்புவார்களாம், தங்களை நீராவிக் கப்பல் என்று எண்ணிக்கொண்டு. மடத்தனம் என்று தெரிந்தும் இன்னும் அதைத்தான் செய்கிறேன், விட முடியவில்லை என்கிறார். அறிவு மாறிய பிறகும் உடல் மாறாது என்பதைத் தன்னையே சாட்சியாக வைத்துச் சொன்ன பேராசிரியர்!

ஞாபகத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில், மோஸுக்கு அரை நூற்றாண்டு முன்பே, இன்னொரு பிரெஞ்சுக்காரர் நின்றார்: எத்தியென் ழூல் மாரே, உடலியலாளர். 1882இல் துப்பாக்கி வடிவத்தில் ஒரு கேமரா செய்தார், நொடிக்கு 12 படம். பிறகு இன்னும் ஒரு படி போனார். நடப்பவருக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை, கை கால்களின் நீளத்தில் வெள்ளைக் கோடுகள், பின்னால் கறுப்புச் சுவர். படத்தில் ஆள் மறைந்துவிடுவார். ஒரே தகட்டில் கோடுகளும் புள்ளிகளும் மட்டும் அலையலையாக ஓடும். அழகான படங்கள், இன்றைக்குப் பார்த்தாலும் பிரமிப்பு வரும். அதுவரை எவர் கண்ணுக்கும் அகப்படாத முழங்கால் வளைவு அதில் அகப்பட்டது. பிடிபடாமல் போனது நடந்தவர்தான். அவர் யார், எங்கே போகிறார், பின்னால் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்பதற்கெல்லாம் அந்தக் கறுப்புச் சுவருக்கு முன் இடமில்லை. சிப்பாய் களைக்காமல் எப்படி நடப்பது என்பது அந்த ஆய்வின் கேள்விகளில் ஒன்று. மாரேயின் உதவியாளர் ஜார்ஜ் தெமெனி பின்னாளில் ராணுவ உடற்பயிற்சிப் பள்ளிக்கே போய்ச் சேர்ந்தார்.

ராணுவத்துக்கு அடுத்து யாருக்கு அசைவு தேவை? தொழிற்சாலைக்கு. அமெரிக்காவில் ஃப்ராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி. ஃப்ராங்க் செங்கல் வேலையில் தொழில் தொடங்கியவர். ஒரு செங்கல்லை எடுத்து வைக்க 18 அசைவுகள் ஆவதைப் பார்த்தார். உயரம் மாற்றக்கூடிய சாரம் கட்டி, கல்லைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்து, அதை ஐந்துக்குக் கொண்டுவந்தார். பிறகு தொழிலாளியின் விரலில் சிறு மின்விளக்கைக் கட்டி, இருட்டில் கேமராவின் கண்ணை நீண்ட நேரம் திறந்து வைத்தார்கள். கை போன பாதை ஒளிக்கோடாக விழுந்தது. அதைப் பார்த்துக் கம்பியில் மாதிரி செய்து, 'கை இப்படிப் போகவேண்டும்' என்று காட்டினார்கள்.

இங்கே அவர்கள்மேல் சாட்டையைச் சுழற்றுவது எளிது, பலர் சுழற்றியும் இருக்கிறார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. நாள் முழுவதும் தரைக்குக் குனிந்து கல்லெடுத்த முதுகுக்கு அந்தச் சாரம் பெரிய உபகாரம். போரில் கை இழந்தவர்கள் எப்படித் தட்டச்சு செய்யலாம், எப்படி வேலைக்குத் திரும்பலாம் என்று உட்கார்ந்து யோசித்தவர்களும் இதே தம்பதிதான். 1920இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளிக்கோட்டில் வேலை தெரிகிறது, வேலையின் நடுவே பக்கத்து ஆளிடம் ஒரு சொல் சொல்லத் திரும்பியது வீண் அசைவாகத் தெரிகிறது. எது வீண் என்பதைக் கோடு சொல்லாது. கோட்டைக் கையில் வைத்திருப்பவர் சொல்வார்.

நடனத்திலிருந்து வந்த ருடால்ஃப் லாபன் வேறு வழி பிடித்தார். இசைக்குக் குறியீடு இருப்பதுபோல் அசைவுக்கும் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்டு, 1928இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். நிமிர்ந்து நிற்கும் கோடுகள், கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் உடலின் இடம், அந்தப் பக்கம் வலம். குறியின் வடிவம் திசையைச் சொல்லும், அதன் நிறைப்பு உயரத்தைச் சொல்லும், நீளம் நேரத்தைச் சொல்லும். கேமரா பார்த்ததை எல்லாம் விழுங்கும், குறியீடு எழுதுகிறவரோ எது முக்கியம் என்று ஒவ்வொரு நொடியும் முடிவெடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயமே ஒரு கல்வி. மானுடவியலாளர் சிலர் இன்றும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். லாபனின் வாழ்க்கை அவ்வளவு சுத்தமானதில்லை. நாஜி ஆட்சியின்கீழ் அரசு நடனத்துறையில் பதவி வகித்தார். 1936 ஒலிம்பிக்ஸை ஒட்டி அவர் அமைத்த பெருங்கூட்ட நடனம் நாஜி பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்குப் பிடிக்காமல் தடைப்பட்ட பிறகே சரிவு வந்தது. இங்கிலாந்துக்குத் தப்பிப் போனவர், சில ஆண்டுகளில் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் அசைவை ஆராய்ந்துகொண்டிருந்தார். மேடை, பேரணி, தொழிற்சாலை: ஒரே மனிதர், ஒரே கண்.

நாஜிகள் என்றதும் டேவிட் எஃப்ரானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிகத் துணிச்சலான வேலை அவருடையது. அந்த ஆண்டுகளில் ஜெர்மானிய இனக் கோட்பாட்டாளர்கள், கையை ஆட்டிப் பேசுவது ரத்தத்தில் வருவது, சைகையைப் பார்த்தே இனத்தைச் சொல்லலாம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸின் மாணவரான எஃப்ரான், அர்ஜென்டினாக்காரர், இதற்குக் கட்டுரையில் பதில் எழுதி ஓய்ந்துவிடவில்லை. நியூயார்க் தெருவில் இறங்கினார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், தெற்கு இத்தாலியிலிருந்து வந்தவர்கள், இரு தரப்பிலும் புதிதாகக் குடியேறியவர்கள், அமெரிக்க வாழ்வில் கரைந்துவிட்ட அவர்களின் பிள்ளைகள் என்று பார்த்தார். கூடவே ஓர் ஓவியர் இருந்து அந்த இடத்திலேயே வரைந்தார். பேசுபவர்களுக்குத் தெரியாமல் ஃபிலிமும் எடுத்தார்கள்.

புதிதாக வந்த யூதரின் கை முழங்கையிலிருந்து அசைந்தது, உடலை ஒட்டியே நின்றது, சிந்தனை போகும் வளைவுகளைக் காற்றில் கோடு போட்டது. எதிரே நிற்பவரின் மேற்சட்டையைப் பிடித்து இழுப்பதும் உண்டு. இத்தாலியரின் கை தோளிலிருந்து விரிந்தது, பொருளையே காற்றில் படமாக வரைந்தது. இனவாதி இதுவரை தலையாட்டுவார். பிள்ளைகளிடம் வந்ததும் கதை மாறுகிறது. அமெரிக்க வாழ்வில் கரைந்த யூதரும் இத்தாலியரும் தங்கள் முன்னோரைப் போலக் கையசைக்கவில்லை. ஒருவரைப் போல் இன்னொருவர் இருந்தார்கள். ரத்தம் அதேதான், கை வேறு. 1941இல் புத்தகமாக வந்தது. இவ்வளவு சிக்கனமாக ஒரு பொய்யை உடைத்த ஆய்வு வேறொன்று உண்டா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, இவை எல்லாம் வெளியிலிருந்து பார்த்தவை. உள்ளேயிருந்து? பெண்களும் ஆண்களும் பந்து எறிவதில் உள்ள வித்தியாசத்தை ஒரு மனநல மருத்துவர் பெண்ணின் இயல்பு என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அமெரிக்க மெய்யியலாளர் ஐரிஸ் மரியன் யங் 1980இல் அந்த இயல்பைப் பிரித்துப் போட்டார். உடம்பு முழுவதையும் எறிதலுக்குள் போடாமல் கையை மட்டும் போடுவது, கைக்கு எட்டும் வெளி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விடுவது, பந்து தன்னை நோக்கி வருகிறது என்பதைத் தன்மேல் வருகிறது என்று உணர்வது, இவை தசைக்குறை என்று முடித்துவிடக்கூடியவை அல்ல. 'என்னால் முடியும்' என்று உடல் நீளும் அதே நொடியில் 'முடியாது' என்று சுருங்குகிறது. எப்போதும் பார்க்கப்படுகிற பொருளாக வளர்ந்த உடல், செய்கிற உடலாகத் தன்னை முழுதாக நம்புவதில்லை. மாரேயின் வெள்ளைக் கோட்டில் தோளின் கோணம் விழுந்திருக்கும். இந்தத் தயக்கம் விழுந்திருக்காது.

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூவின் ஒரு காட்சியும் இதோடு சேரும். 1962இல் தன் சொந்த மண்ணான, தென்மேற்கு பிரான்சின் பெயார்ன் பகுதியின் ஒரு நடன விருந்தை எழுதினார். நகரத்து நடனம், நகரத்து இசை. ஓரத்தில் உழவர் மகன்கள் நிற்கிறார்கள், கல்யாணமாகாத மூத்த பிள்ளைகள். நிலம் இருக்கிறது, நடனமாட உடல் வரவில்லை. சேற்றில் நடந்த நடையைப் பெண்களின் கண் உடனே அடையாளம் கண்டுவிடுகிறது. அதைவிடக் கொடியது, அவர்களும் அந்தக் கண்ணால் தங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வர்க்கத்தின் வீழ்ச்சியைப் புள்ளிவிவரம் காட்டுவதற்கு முன் நடன மேடையின் ஓரம் காட்டியது.

பூர்தியூவின் மாணவர் லோயிக் வாக்கான் இதையே தலைகீழாகச் செய்தார். 1988இல் சிகாகோவில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் குத்து வாங்கி, போட்டியிலும் இறங்கினார். உடலால் கற்றதை உடலால்தான் அறியலாம் என்பது அவர் பக்கம். வாதம் வலுவானது. ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை. இந்த முறை, ஆராய்பவரின் உடல் நுழையக்கூடிய இடங்களில் மட்டும்தான் செல்லும். இருபது சொச்சம் வயது ஆண் குத்துச்சண்டைக்குப் போகலாம். எண்பது வயதின் நடைக்குள் எந்த ஆய்வு மாணவர் மூன்று ஆண்டு சேர்ந்து பயில்வது?

அந்த நடையைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் எண்களாகத்தான். பிரிட்டனில் பாதசாரி விளக்கு, ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டே கடக்கும் நேரத்தைக் கொடுத்துவந்தது. 2012இல் வந்த ஓர் ஆய்வு இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் சராசரி வேகத்தைச் சொன்னது: ஆண்கள் 0.9 மீட்டர், பெண்கள் 0.8. சராசரியே விளக்குக்குப் பின்னால் நின்றது. அமெரிக்காவில் இந்தக் கணக்கை 2009இல் நொடிக்கு 4 அடியிலிருந்து 3.5 அடியாகக் குறைத்தார்கள். அரை அடிதான். ஆனால் அந்த அரை அடிக்குள் எந்த உடலை மனிதர் என்று கணக்கில் எடுப்பது என்ற முடிவு இருக்கிறது. அது ஒரு பொறியியல் கையேட்டின் அட்டவணையில் எழுதப்பட்டது, சமூகவியல் நூலில் இல்லை. மோஸ் தேடிய மண்வெட்டிகள் இப்போது அங்கேதான் கிடக்கின்றன என்று எனக்குப் படுகிறது: படிக்கட்டின் உயரம், இருக்கையின் ஆழம், கதவு தானாக மூடும் வேகம், இப்படி.

இளைய ஆய்வாளர்கள் இங்கே சிலர் வந்திருப்பதால் ஒன்றைக் கேட்டுவிட்டு அமர்கிறேன். இப்போது கைபேசி நம் ஒவ்வோர் அடியையும் எண்ணுகிறது. மாரே கனவிலும் காணாத அளவு தரவு. அமெரிக்க உளவியலாளர் காரென் அடால்ஃப் குழுவினர் நடை பழகும் குழந்தைகளைக் கவனித்தபோது ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகளும் 17 விழுதல்களும் எண்ணினார்கள். அந்த 17தான் எனக்கு முக்கியம், அதை அவர்கள் பார்த்து எண்ணினார்கள். நம் கைபேசிக் கணக்கில் விழுதலையும், தயங்கி நின்றதையும், திரும்பி ஒருவரோடு பேசியதையும் எந்தப் பத்தியில் எழுதப்போகிறீர்கள்? பதில் வைத்திருப்பவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள். ஒலிவாங்கி அந்தப் பக்கம் இருக்கிறது.