சோலைக்குள்ள பறவை இல்லையா? - சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கார்: "ஊட்டி கெயர்ன்ஹில் சோலையில காலையில மூணு மணி நேரம் நடந்தோம். சத்தம் கேக்குது, ஒரு பறவையும் சரியா கண்ணுல படல. அவ்வளவு குறைஞ்சு போச்சா?"

ரெண்டு நாளா இந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. "நடந்தோம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் விஷயம். பழைய நேயர்களுக்குத் தெரியும், சோலைக்குள்ள நடக்காதீங்க, நில்லுங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். மலைப் பள்ளத்துல அடர்ந்து கிடக்கிற அந்தச் சோலைக்காட்டுல பறவைங்க கூட்டமா மேயும். பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, பசையெடுப்பான் எல்லாம் ஒண்ணா சேர்ந்து மரத்துக்கு மரம் நகரும். அந்தக் கூட்டம் நீங்க இருக்கிற இடத்துக்கு வர்ற வரைக்கும் காடு வெறிச்சுன்னுதான் கிடக்கும்.

போன டிசம்பர்ல நானும் அதே சோலையில ஒரு மரத்தடியில நின்னேன். முக்கால் மணி நேரம் ஒண்ணுமில்ல, விரல் விறைச்சுப்போச்சு. அப்புறம் நீலகிரி சிரிப்பான் ஒண்ணு குரல் குடுத்துது. அஞ்சு நிமிஷத்துல தலைக்கு மேல முழுக்கப் பறவை! முழங்கால் உயரப் புதர்ல, கையெட்டும் தூரத்துல, கருப்பும் ஆரஞ்சுமா ஒரு ஈப்பிடிப்பான். நான் அசையாம இருந்ததால அது என்னைக் கண்டுக்கவே இல்ல.

அந்தச் சிரிப்பானைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி பழனி மலைக்குப் போனா அங்க இருக்கிறது வேற இனம். கணவாய்ங்கிறது மலைக்கு நடுவுல இருக்கிற தாழ்வான இடைவெளி, என்னமோ 30, 40 கிலோமீட்டர் அகலம்தான். ஆனா மலைக்குளிர்ல வாழுற பறவை அந்தக் கீழ்ச்சூட்டைக் கடக்காது. நமக்கு மலைத்தொடர், அதுக்குத் தனித்தனித் தீவு.

சரி, சோலையோட நிறுத்திட்டீங்களே, புல்வெளிக்குப் போனீங்களான்னு நான் கேக்கணும். அன்னைக்கு மத்தியானம் அவலாஞ்சி பக்கம் போனேன். புல்லுக்குள்ள தவிட்டு நிறத்துல, கோடு கோடா ஒரு சின்னப் பறவை. நீலகிரி நெட்டைக்காலி. யாரும் இதைப் பத்திக் கேள்வி கேக்கறதில்ல, எனக்கு அதுதான் வருத்தம். உயரமான மலைப்புல்வெளியை விட்டா இதுக்கு வேற போக்கிடம் இல்ல. அந்தப் புல்லைத் தரிசுன்னு நினைச்சு, தோல் பதனிடப் பட்டை வேணும்னு வாட்டில் மரம் நட்டாங்க, விறகுக்குத் தைல மரம் நட்டாங்க. பச்சையாத்தான் இருக்கு, ஆனா நெட்டைக்காலிக்கு அங்க வேலையே இல்ல. குறிஞ்சி பூக்கறதும் இதே புல்வெளியிலதான். 12 வருஷத்துக்கு ஒரு தடவை அவ்வளவு பேர் தேடிப் போறோமே, காலடியில இருக்கிற இந்தப் பறவையை யார் பார்த்தா?

ஆக, அடுத்த தடவை காலையில சோலையில ஒரே இடத்துல நில்லுங்க. மத்தியானம் புல்வெளி ஓரமா உக்காருங்க. நெட்டைக்காலியைக் கலைச்சுட்டா பயப்படாதீங்க, ரொம்ப தூரம் போகாது. பக்கத்துல இருக்கிற குத்துச்செடி மேல ஏறி உக்காரும். அங்க பாருங்க.