6,800 ரூபாய் மிதிவண்டியும் 62 லட்சம் வழக்குகளும்

வணக்கம் நண்பர்களே. என் பழைய காணொளிகளில் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்குமே, அந்தப் பச்சை மிதிவண்டி சென்ற வாரம் திருடு போய்விட்டது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, வழக்குப் பதிவதற்கு முன் மனுவைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் பெற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ‘திருட்டு’ என்று நான் எழுதியிருந்ததை ‘காணாமல் போனது’ என்று மாற்றி, 6,800 ரூபாய்க்கு வாங்கிய வண்டிக்கு ‘மதிப்பு சுமார் 4,500’ என்று நீல மையில் எழுதியிருந்தார்கள்.

இந்த 4,500 ரூபாய் என்ற மதிப்பை நான் அப்படியே விடப்போவதில்லை. வண்டி வாங்கிப் பதினான்கு மாதங்கள்தான் ஆகின்றன. பின் சக்கரத்துக்கு டயரும் டியூபும் மாற்ற 940 ரூபாய், பிரேக் கட்டைக்கு 180 ரூபாய் என்று அதற்குப் பிறகும் செலவு செய்திருக்கிறேன். பணத்தை விடவும் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்களின் வரிசையிலிருந்து விலக்கப்பட்டுள்ளது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையோ, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்களுக்காகப் பதிவான வழக்குகளைத்தான் கூட்டிச் சொல்கிறது. ஆகவே 6,800 என்று எழுதினால் என் வண்டி நாட்டின் குற்றக் கணக்கில் ஏறும். 4,500 என்று எழுதினால் ஏறாது.

அந்த அறிக்கையை நான் பென்சிலும் கையுமாக அட்டவணை அட்டவணையாகப் படிப்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2025இல்தான் வெளிவந்தது. அதில் மொத்த வழக்குகள் 62,41,569. ஒரு லட்சம் பேருக்கு 448.3. முந்தைய ஆண்டில் இது 422.2 ஆக இருந்தது. உடனே குற்றம் பெருகிவிட்டது என்று சொல்லத் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த ஆண்டில் மொத்த வழக்குகள் 28 சதவீதம் உயர்ந்தன. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதற்கான, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவின் கீழ் 2019இல் 29,469 ஆக இருந்த வழக்குகள் 6,12,179 ஆனது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான ஒன்று மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். பாலியல் வன்கொடுமைக்குப் பின் ஒரு பெண் கொல்லப்பட்டால் அது கொலை என்ற தலைப்பில்தான் சேரும். வன்கொடுமை வழக்குகளுக்கான அட்டவணையில் அந்தப் பெண் இருக்கமாட்டாள்.

காவல் நிலையத்தின் படியே ஏறாதவர்களை எப்படி எண்ணுவது? 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதத்தினர் எவரிடமும் உதவி கேட்கவில்லை, எவரிடமும் அதைச் சொல்லவும் இல்லை என்று தெரியவந்தது. வீடு வீடாகச் சென்று, தனிமையில் உட்கார வைத்துக் கேட்டதால்தான் அதுவும் வெளிவந்தது. அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்தில் 1982 முதலும், குற்றத்துக்கு ஆளானவர்களையே நேரில் கேட்டறியும் ஆய்வுகள் நடக்கின்றன. நாடு முழுவதும் ஆண்டுதோறும் அப்படிக் கேட்கும் ஆய்வு இந்தியாவில் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. காவல்துறையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இன்னொரு கணக்கு கட்டாயம் வேண்டும்.

வண்டியின் கதைக்கு வருகிறேன். மூன்றாம் நாள் கடை ரசீதோடு மீண்டும் சென்றேன். பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னதையும் மனுவில் எழுதியிருந்தேன். ஆய்வாளர் கடை ரசீதை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். பிறகு எழுத்தரை அழைத்துப் பதியச் சொன்னார். முதல் தகவல் அறிக்கையின் நகல் இதோ என் கையில் இருக்கிறது. களவு போன சொத்தின் மதிப்பு என்ற இடத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள்: ரூபாய் 6,800.