அழாத குழந்தை தேறிவிட்டதா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் வார்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "வந்த அன்னிக்கு ஒரே அழுகை. இப்போ சமத்தா படுத்திருக்கான், பழகிட்டான்." கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவைப் பிரிந்து, மூன்று நாளாக அழுத குழந்தை நான்காம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அது தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற முறையில், இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். லண்டனில், மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் பிரிட்டன் மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்துவிட்டால், பெற்றோர் எப்போதாவது வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். அம்மா வந்துபோனால் பிள்ளை மறுபடி அழுகிறது, அதனால் வராமல் இருப்பதே நல்லது என்று நம்பினார்கள். ராபர்ட்சன் வார்டிலேயே உட்கார்ந்து கவனித்தார். முதலில் குழந்தை கத்தி அழுது அம்மாவைக் கேட்கிறது. அப்புறம் சோர்ந்து அடங்குகிறது. அதற்கும் பிறகு சிரிக்கிறது, சாப்பிடுகிறது, யார் தூக்கினாலும் போகிறது. ஆனால் அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாம் கட்டத்தைத்தான் வார்டு 'பழகிவிட்டது' என்று நினைத்துக்கொண்டிருந்தது.

1952இல், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் படம் பிடித்துக் காட்டினார். பார்த்த மருத்துவர்கள், செவிலியர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தையோடு தாய் தங்கலாம் என்று பரிந்துரைத்தது.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் அம்மா கட்டிலிலேயே, இல்லாவிட்டால் கட்டிலுக்குக் கீழே பாயில் இருப்பாள். இதை நெரிசல் என்று மட்டும் பார்க்கக் கூடாது, இது பெரிய பலம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஐ.சி.யூ. கதவிலும், வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகும் சின்னக் குழாய், போடும் அறையிலும். "அம்மா வெளியே இருங்க" என்கிறோம். இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்க, மல்லாந்து படுத்த நிலையில் ஊசி ஏறுகிறது. அதே குழந்தையை அம்மா மடியில், மார்போடு அணைத்து உட்கார வைத்து, ஒரு கையை மட்டும் நீட்டச் சொல்லியும் போடலாம். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. நம் வீடுகளில் "சாப்பிடலேன்னா சிஸ்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று சொல்லாத பெற்றோர் குறைவு. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, சுமார் இரண்டிலிருந்து ஏழு வயது வரையிலான குழந்தையின் யோசனை பெரியவர்களுடையது போல ஓடாது என்று காட்டினார். அந்த வயதில், தப்பு செய்ததால்தான் வலி வந்தது என்று குழந்தை தானாகவே முடிவு கட்டிவிடும். அதற்கு நாமும் ஊசியைத் தண்டனையாகச் சொல்லிவைத்தால், காய்ச்சலோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஆகவே ஊசி போடும் முன், "நீ ஒரு தப்பும் பண்ணலை கண்ணு" என்று ஒரு வரி சொல்லுங்கள். ரத்தம் எடுத்தபின் அந்தச் சின்னப் புள்ளியில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். ஓட்டை வழியே ரத்தமெல்லாம் போய்விடும் என்று நாலு வயதுப் பிள்ளை உண்மையிலேயே பயப்படும். பிளாஸ்திரி அந்தப் பயத்துக்கான மருந்து.

பிறப்பு முதல் முதுமை வரை மனம் வளர்வதை உளவியலாளர் எரிக் எரிக்சன் எட்டுப் பருவங்களாகப் பிரித்தார்; அவை நர்சிங் மாணவிகளுக்கு மனப்பாடம். பரீட்சையோடு அது நின்றுவிடுவதுதான் என் வருத்தம். ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை, 'நானே செய்வேன்' என்று பிள்ளை பிடிவாதம் பிடிக்கும் காலம் என்கிறார் அவர். அப்போதுதான் கழிப்பறைப் பழக்கமும் வருகிறது. மருத்துவமனையில் நாலு நாள் இருந்தால் அந்தப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கலாம். அதற்கு அம்மா திட்டுகிறாள், பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரிக்கிறார்கள். "உடம்பு சரியானதும் தானா சரியாயிடும்மா, திட்டாதீங்க" என்று சொல்ல வேண்டியது செவிலியர்தான். எந்தக் கையில் பி.பி. பார்க்கலாம், மாத்திரையைத் தண்ணீரிலா ஜூஸிலா என்று பிள்ளையைக் கேளுங்கள். ஆனால் "ஊசி போடலாமா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்ற பதிலை நீங்கள் ஏற்கப்போவதில்லை.

வளரிளம் பருவத்தில் நிலைமை வேறு. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பதினைந்து வயதுப் பெண், பள்ளியில் இன்சுலின் போடாமல் தவிர்த்தால், அது அலட்சியம் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியாது. தோழிகளிலிருந்து வேறுபட்டுத் தெரியக் கூடாது என்ற தவிப்பு அது. கேள்வியை அம்மாவிடம் கேட்காமல் அவளிடமே கேளுங்கள், முடிந்தால் தனியாக.

முதியோர் வார்டுக்கு வருகிறேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் தாத்தா, கிணறு வெட்டிய கதையைத் தினமும் சொல்கிறார். "ஆரம்பிச்சுட்டார்" என்று நகர்ந்துவிடுவோம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இலேயே எழுதினார்: முதுமையில் கடந்த வாழ்வைத் திரும்பப் பார்ப்பது இயல்பான மனவேலை, அதை மூளை தளர்ந்த அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எரிக்சனின் கடைசிப் பருவமும் இதைத்தான் பேசுகிறது: வாழ்ந்தது சரிதான் என்ற நிறைவா, எல்லாம் வீண் என்ற கசப்பா? நேரம் இல்லை என்பீர்கள். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் டூட்டி பார்க்கும் இரவை நானும் அறிவேன். புண்ணுக்குக் கட்டுப் போடும் நேரம் எப்படியும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறோம். "தண்ணி எத்தனை அடியில வந்துச்சு தாத்தா?" என்று கேட்டால் கை வேலையும் நிற்காது.

இந்தக் கோட்பாடுகளின் வயதுக் கணக்கை வேலி போலப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வலியில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை நாலு வயதாக நடந்துகொள்ளும். ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டதா? பள்ளி செல்லும் பிள்ளையிடம் சில நாள் முன்பே சொல்லுங்கள், கேள்வி கேட்க அவகாசம் கிடைக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் முந்தின நாள் சொன்னால் போதும். கடைக்குப் போகிறோம் என்று பொய் சொல்லி அழைத்து வராதீர்கள். பழைய போர்வையோ பொம்மையோ கொண்டு வாருங்கள், அழுக்காக இருந்தாலும் சரி. வீட்டில் கூப்பிடும் பெயரையும், சிறுநீர் கழிக்க அவன் சொல்லும் வார்த்தையையும் சிஸ்டரிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இரவு டூட்டிக்கு வருபவருக்கு அது உதவும்.

வணக்கம்.