வக்கீல் சங்கத் தலைவர் ஒரு நாள் முழுக்க என்ன செய்கிறார்?

[காட்சி: விடிகாலை. மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டு வாசல். படியோரம் நான்கு ஜோடிச் செருப்பு.]

வணக்கம். மணி காலை ஆறரை. இந்த வீட்டில் இருப்பவர் மதுரையில் ஒரு வக்கீல் சங்கத்தின் தலைவர். எந்தச் சங்கம், என்ன பெயர் என்பது இந்த வீடியோவுக்குத் தேவையில்லை. அவர் என் சீனியர். நான் அவரிடம் ஜூனியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் தேர்தலில் நின்று ஜெயித்தார். அதற்கப்புறம் அவருடைய நாள் எப்படி மாறியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

வாசலில் கிடக்கும் செருப்பில் ஒரு ஜோடிதான் கட்சிக்காரருடையது, அதாவது தன் வழக்குக்காக வக்கீலைப் பார்க்க வந்தவருடையது. மற்ற மூன்றும் சங்க விஷயமாக வந்தவர்களுடையது. தலைவர் ஆவதற்கு முன்னால் நான்குமே கட்சிக்காரர்களுடையதாக இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பார் கவுன்சில் வேறு, வக்கீல் சங்கம் வேறு. பார் கவுன்சில் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி அமைந்தது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒன்றுதான், சென்னையில் இருக்கிறது. சட்டம் படித்தவரை வக்கீலாகப் பதிவு செய்வது அதன் வேலை. வக்கீல் தவறு செய்தால் அந்தச் சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி விசாரித்து, கண்டிக்கவோ, சில காலம் தொழிலை நிறுத்திவைக்கவோ, பெயரையே நீக்கவோ அதிகாரம் உள்ளதும் அதற்குத்தான். வக்கீல் சங்கம் அப்படி இல்லை. ஒரு கோர்ட்டில் தொழில் செய்கிறவர்கள் தாங்களே சேர்ந்து, சந்தா கட்டி, ஓட்டுப் போட்டு நடத்துவது. தலைவருக்குச் சம்பளம் கிடையாது. யாரையும் தண்டிக்கிற அதிகாரமும் கிடையாது.

ஆனால் ஊர் மக்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் நாம் எதிர்பார்க்க முடியாது.

[காட்சி: சங்க அறை. மர பெஞ்சில் ஒரு பெரியவர், மடியில் மஞ்சள் பை.]

ஒரு நாள் உசிலம்பட்டிப் பக்கம் இருந்து ஒரு பெரியவர் வந்தார். பாகப்பிரிவினை வழக்கு. வேறு வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார். பழைய வக்கீல் கேஸ் கட்டைத் தர மறுக்கிறார். "வக்கீலய்யா, பீஸு பாக்கி இருக்காம், குடுத்தாத்தான் கட்டு கெடைக்குமாம். எங்க தாத்தா ரோசாப்பூ துரை கதையெல்லாம் சொல்லியிருக்காரு. வக்கீலுன்னா அப்படி இருப்பாங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ரோசாப்பூ துரை என்று அந்தப் பக்கத்து மக்கள் அன்பாகக் கூப்பிட்டது பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை. கேரளத்தில் பிறந்து மதுரைக்கு வந்து தொழில் செய்தவர். சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிராக, அந்தப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் சமூகத்தின் பக்கம் நின்றவர். 1938இல் இறந்தார். இத்தனை வருடம் கழித்தும் அவர் பெயரை ஒரு பேரன் சொல்கிறார். என் சீனியர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் ஃபோனை எடுத்தார். இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. பீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரருடைய கேஸ் கட்டை வக்கீல் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பாக்கிக்குத் தனியாகத்தான் வழி தேட வேண்டும். ஆனால் சீனியர் தீர்ப்பை எடுத்துப் படிக்கவில்லை. "தம்பி, கட்டைக் குடுத்துரு. பீஸு விஷயம் நான் பேசி முடிச்சுத் தாரேன்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் கட்டு வந்துவிட்டது. பெரியவர் பாக்கியை இரண்டு தவணையாகக் கொடுத்துத் தீர்த்தார். அதிகாரம் இல்லாத ஒரு பதவி எப்படி வேலை செய்கிறது என்று நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அந்த ஃபோனுக்குப் பின்னால் முப்பது வருடப் பழக்கம் இருந்தது.

சரி, கோர்ட் ஆரம்பிப்பது பத்தரைக்கு. தலைவர் ஒன்பதே காலுக்கு வந்தாக வேண்டும். பெண் வக்கீல்கள் அறையில் தண்ணீர் வரவில்லை. பார்க்கிங்கில் யாரோ குறுக்கே வண்டியை விட்டுவிட்டார்கள். இ-ஃபைலிங்கில் மனு ஏறமாட்டேன் என்கிறது, இன்றைக்குத்தான் கடைசி நாள். ஏப்ரலில் கேட்கவே வேண்டாம், கோட் போட்டாக வேண்டுமா என்று பத்துப் பேராவது கேட்பார்கள். கோடைக்காலத்தில் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தவிர மற்ற கோர்ட்டுகளில் கறுப்பு கோட் கட்டாயம் இல்லை என்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி வரும், ஒவ்வொரு வருடமும் பதில் சொல்லியாக வேண்டும். மக்கள் நீதிமன்றம் வந்தால் வக்கீல்களிடம் பேசி, சமரசம் ஆகக்கூடிய வழக்குகளை அனுப்பிவைக்கிற வேலையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

[காட்சி: மேலூர் ரோடு. உலகனேரியில் உயர் நீதிமன்றக் கிளை. தூரத்தில் யானைமலை.]

மதுரைக்கு ஒரு கூடுதல் சுமை உண்டு. உயர் நீதிமன்றக் கிளை இங்கே திறக்கப்பட்டது 2004 ஜூலை 24 அன்று. அதற்கு முன்னால் நாகர்கோவிலில் இருக்கிற ஒருவர் ரிட், அதாவது அரசு நடவடிக்கையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனு, போடுவதற்கு எழுநூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குப் போக வேண்டும். தென் மாவட்ட வக்கீல்கள் பல வருடம் கேட்டு வாங்கியது இந்தக் கிளை. இன்றைக்குக் கன்னியாகுமரியில் இருந்து கரூர் வரை வழக்குகள் இங்கேதான் வருகின்றன. அதனால் திருநெல்வேலியிலோ ராமநாதபுரத்திலோ ஒரு வக்கீலுக்குப் பிரச்சினை என்றால் மதுரைச் சங்கத் தலைவர்களுக்கும் ஃபோன் வந்துவிடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோர்ட் புறக்கணிப்பு.

ஒரு வியாழக்கிழமை. பக்கத்து ஊர் போலீஸ் ஸ்டேஷனில் ஓர் இளம் வக்கீலை அடித்துவிட்டார்கள் என்று காலையிலேயே செய்தி. ஒன்பதரைக்குச் சங்க அறையில் நிற்க இடமில்லை. "இன்னைக்கு எவனும் கோர்ட்டுக்குள்ள போகக் கூடாது" என்று ஒரே சத்தம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 19 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே நடந்த தடியடியைப் பார்த்த வக்கீல்கள் இன்றைக்கும் அதை மறக்கவில்லை.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? கேப்டன் ஹரீஷ் உப்பல் வழக்கில் 2002 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொன்னது. வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்யவோ, கோர்ட்டைப் புறக்கணிக்கவோ உரிமை இல்லை. பேட்டி கொடுக்கலாம், கையில் பட்டை கட்டலாம், வளாகத்துக்கு வெளியே ஊர்வலம் போகலாம், உண்ணாவிரதம் இருக்கலாம். வக்கீல்களுடைய அல்லது நீதித்துறையினுடைய கண்ணியமும் சுதந்திரமுமே கேள்விக்குள்ளாகிற மிக மிக அரிய நிலையில் மட்டும், ஒரு நாளைக்கு மேற்படாத புறக்கணிப்பைக் கோர்ட் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. சங்கத் தலைவர் முன்கூட்டியே தலைமை நீதிபதியையோ மாவட்ட நீதிபதியையோ பார்த்துக் கலந்து பேச வேண்டும்.

கவனியுங்கள். தீர்ப்பிலேயே தலைவரைப் பிடித்து நடுவில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு என் சீனியர் நீதிபதியின் அறைக்குப் போய் இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தார். அடித்தவர்கள் மேல் புகார் கொடுப்பதற்குச் சங்கமே கூடப் போவது, எல்லாரும் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்ப்பது என்று பொதுக்குழுவில் முடிவு சொன்னார். அறையில் பாதிப் பேர் அவரை முகத்துக்கு நேரே திட்டினார்கள். கோழை என்றார்கள். கூடவே சுற்றிய நண்பர் ஒருவர் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அந்த நேரத்தில் வராந்தாவில் வாடிப்பட்டியில் இருந்து வந்த ஓர் அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகனுடைய ஜாமீன் மனு அன்றைக்கு. கூலி வேலையை விட்டுவிட்டு மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார். கையில் தூக்குவாளி. உள்ளே கேட்கிற சத்தம் என்ன என்று குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வக்கீலை அடிப்பது அநியாயம், அதற்கு எதிராகச் சங்கம் நிற்கத்தான் வேண்டும். ஆனால் கதவை அடைத்தால் முதலில் வெளியே நிற்பது அந்த அம்மாதான். என் சீனியர் அவரைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். மதியம் ஜாமீன் கிடைத்தது.

இன்னொரு வகைத் தீர்மானமும் கேட்டு வருவார்கள். ஊரையே உலுக்கிய குற்றம் ஒன்று நடந்தால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்வார்கள். நம் கோயம்புத்தூரில் கிளம்பிய முகமது ரஃபி வழக்கிலேயே 2010இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. விருப்பப்பட்ட வக்கீலை வைத்து வாதாடும் உரிமை அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவில் இருக்கிறது. ஊரே எதிர்பார்த்து நிற்கும்போது "முடியாது" என்று சொல்ல வேண்டியவர் தலைவர்.

[காட்சி: மாலை. டீக்கடை பெஞ்சு. கோட்டைத் தோளில் போட்டபடி இளம் வக்கீல்கள்.]

சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஜூனியர்கள் நேரம். பேரையூரில் இருந்தும் திருமங்கலத்தில் இருந்தும் வந்து, நான்கு பேர் சேர்ந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகள். வக்கீலாகப் பதிவு செய்யவே முன்பெல்லாம் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. 2024 ஜூலை 30 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சொன்னது. அதே வருடம் ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களின் உதவித்தொகை பற்றியும் உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000.

உத்தரவு நல்ல உத்தரவு. நடைமுறையில் சின்ன சீனியர்களுக்கே அந்த வருமானம் இருக்கிறதா என்பது வேறு கதை. தலைவர் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. என் சீனியர் முதலில் எனக்கும் என்னோடு ஜூனியராக இருந்த ஓர் அக்காவுக்கும் தருகிற தொகையை ஏற்றினார். அதற்கப்புறம்தான் பொதுக்குழுவில் அந்தப் பேச்சை எடுத்தார். நான்கைந்து சீனியர்கள் அவரைப் பார்த்து ஏற்றினார்கள். மற்றவர்கள் ஏற்றவில்லை. இன்னும் நிறைய தூரம் போக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அவருடைய சொந்த கேஸில் இருந்துதான். குறுக்கு விசாரணைக்கு அவர் போக வேண்டிய நாளில் நான் எழுந்து நின்று வாய்தா கேட்டிருக்கிறேன். இரண்டு தடவை நீதிபதி கொடுத்தார், மூன்றாவது தடவை கொடுக்கவில்லை. பதினைந்து வருடமாக அவரிடம் இருந்த கட்சிக்காரர் ஒருவர், மரியாதையாகவே பேசி, கட்டை வாங்கிக்கொண்டு போனார். சீனியர் ஒரு வார்த்தை மறுக்காமல் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி சேம்பரில் விளக்கு அணைய வெகு நேரம் ஆனது.

[காட்சி: இரவு. மேஜை மேல் ஒரு பழைய ஃபைல்.]

கடைசியாக ஒரு ஃபைலைக் காட்டுகிறேன். யாருக்கும் தெரியாமல் நடக்கிற வேலை இது. வழக்கை நடத்தச் சொல்லிக் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுத் தருகிற வக்காலத்தில் நாம் ஒட்டுகிற வக்கீல்கள் சேமநல நிதி ஸ்டாம்ப்பைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பணம் 1987ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி அமைந்த நிதிக்குப் போகிறது. உறுப்பினராக இருந்த வக்கீல் இறந்தால் குடும்பத்துக்கு அதில் இருந்து தொகை கிடைக்கும்.

எங்கள் கோர்ட்டில் ஒரு வக்கீல் நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் இறந்தார். அவர் மனைவி நிதிக்கு விண்ணப்பிக்க வந்தபோது பார்த்தால், வாரிசுதாரர் என்ற இடத்தில் அவருடைய தாயார் பெயர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் எழுதியது. தாயார் இறந்தே ஆறு வருடம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், சங்கத்தின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. தாலுகா ஆபீசுக்கு என் சீனியரே இரண்டு தடவை போனார். அந்த அக்கா வரும்போதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் கணவருடைய கழுத்துப் பட்டையை வைத்திருப்பார். கஞ்சி போட்டுத் தேய்த்தது, அப்படியே விறைப்பாக இருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பணம் வர மாதங்கள் ஆனது. வந்த அன்று அவர் சங்க அறைக்கு வந்து, "அண்ணே, பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் சீனியர் சங்க நோட்டீஸ் போர்டில் தன் கையாலேயே ஒரு தாளை ஒட்டினார்: சேமநல நிதியில் வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று எல்லா உறுப்பினர்களும் இந்த வாரத்துக்குள் பார்க்கவும். கீழே முதல் ஆளாகத் தன் பெயரை எழுதி, பார்த்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது.