எண்டோஸ்கோபி ரிப்போர்ட்ல புண் எந்த இடத்துலன்னு பாருங்க

வணக்கங்க. அல்சூர், ஸ்ரீராமபுரம்னு பெங்களூர்ல நம்மாளுங்க இருக்குற எந்த ஏரியாவுலயும், வயித்துல எரிச்சல்னாலே 'குடல்புண்'ங்கிற ஒரே பேருதான். ஆனா புண்ணு குடல்லயா, இரைப்பையிலயான்னு தெரிஞ்சாதான் அடுத்து என்ன செய்யணும்னு தெரியும். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்ட கையில எடுத்துக்கோங்க.

டியோடினம், டி1, பல்ப், இதுல ஏதாவது ஒண்ணு போட்டிருந்தா அது சிறுகுடலோட ஆரம்பம். அங்க வர்ற புண்ணு கேன்சரா இருக்குறது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் எச். பைலோரி கிருமி, இல்லன்னா வலி மாத்திரைதான் காரணம். வெறும் வயித்துலயும் நடுராத்திரியிலயும் வலிக்கும், சாப்பிட்டா அடங்கும். கிருமிக்கு மருந்து முடிஞ்சு 4 வாரமாவது கழிச்சு, அது போயிடுச்சான்னு டெஸ்ட் பண்ணணும். அந்த டெஸ்ட்டுக்கு 2 வாரம் முன்னாடியே பேண்டோப்ரசோல் மாதிரி அமிலத்தக் குறைக்குற மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு நிறுத்துங்க. நிறுத்தலன்னா, கிருமி இருந்தாலும் இல்லன்னு காட்டிடும்.

இரைப்பைன்னா விஷயமே வேற. இரைப்பைய ஒரு வளைஞ்ச கத்தரிக்காய் மாதிரி நினைச்சுக்கோங்க. காம்புகிட்ட கார்டியா, சாப்பாடு உள்ள இறங்குற வாய். நடுவுல பாடி. நுனி ஆண்ட்ரம். உள்வளைவு லெஸ்ஸர் கர்வ், வெளிவளைவு கிரேட்டர் கர்வ். சாதாரணப் புண்ணு அதிகமா வர்றது உள்வளைவுல, பாடியும் ஆண்ட்ரமும் சேர்ற மடிப்புகிட்ட. வெளிவளைவுல இருந்தா சந்தேகம் கூடும், ஆனா வலி மாத்திரை ரொம்ப நாளா போடுறவங்களுக்கு அங்கயும் சாதாரணப் புண்ணு வரும். பிரச்சினை என்னன்னா, கேன்சரும் ஆண்ட்ரத்துலயும் உள்வளைவுலயும் நிறைய வருது. அதனால 'நல்ல இடத்துலதான் இருக்கு'ன்னு நிம்மதியா விட முடியாது.

பார்வையிலயும் வித்தியாசம் உண்டு. சாதாரணப் புண்ணு வட்டமா, ஓரம் வழவழன்னு, அடி சுத்தமா இருக்கும். சுத்தி இருக்குற மடிப்புங்க புண்ணோட விளிம்பு வரைக்கும் வந்து நிக்கும். கேன்சர் புண்ணுல ஓரம் மேடா, கோணல்மாணலா தடிச்சிருக்கும். மடிப்புங்க பாதியிலயே திடீர்னு நின்னுடும். இருந்தாலும் கண்ணால மட்டும் முடிவு பண்ணவே கூடாதுங்க. ஓரத்துலயும் அடியிலயும் சேர்த்து 6 துண்டாவது சதை எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது லேப்ல சதைய சோதிக்குற டெஸ்ட்டுக்கு, அனுப்பணும். ஒரே ஒரு துண்டு எடுத்தா, நோய் இருந்தும் தப்பிடலாம். எத்தனை துண்டுன்னு ரிப்போர்ட்ல இல்லன்னா கேளுங்க, அது உங்க உரிமை.

பயாப்ஸி நல்லபடியா வந்தாலும், இரைப்பைப் புண்ணுக்கு 8லிருந்து 12 வாரத்துல திரும்ப எண்டோஸ்கோபி பாத்து, ஆறிடுச்சான்னு உறுதி பண்ணிக்கணும். எரிச்சல்தான் போயிடுச்சேன்னு நிறைய பேர் இத விட்டுடுறாங்க. அமிலத்தக் குறைக்குற மாத்திரை, கேன்சர் புண்ணையும் கொஞ்ச நாள் மேலாப்புல மூட வெச்சிடும். எனக்கு ரொம்ப பயம் தர்ற விஷயம் இதுதான்.

கார்டியாவுல கட்டி வந்தா சாப்பாடு தொண்டைக்குக் கீழ மாட்டுற மாதிரி இருக்கும். ஆண்ட்ரத்துல வந்தா வழி அடைச்சு, மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி அப்படியே வாந்தியில வரும். நடுவுல வந்தா ரொம்ப நாள் ஒண்ணுமே தெரியாது, ரத்தம் மட்டும் குறையும்.

தார் மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு, நாத்தமா மலம் போனா மெடிக்கல் ஷாப்புல இன்னொரு ஸ்ட்ரிப் வாங்காதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.